இன்ஸ்டாலர் ரெஜிஸ்ட்ரியில் கைவைத்தால்: கேள்வி பதில்

கே: டிவிடி ரைட்டிங் சாஃப்ட்வேரை அன்இன்ஸ்டால் பண்ணினேன் சார். அதோடு டிவிடி டிரைவையே காணோம். கேபிள் மாற்றியும் வரவில்லை.

ப: கேபிளை விடுங்கள். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், கோட் 19 அல்லது 39 காட்டுகிறதா? அப்படியானால் அந்த சாஃப்ட்வேர் செருகிய ஃபில்டர் டிரைவரின் (விண்டோஸுக்கும் டிரைவுக்கும் நடுவில் உட்காரும் சிறு புரோகிராம்) மிச்சம்தான் இது. ஃபைல் போய்விட்டது, அதன் பெயர் மட்டும் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்) அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் மதிப்புகளில் நிற்கிறது. விண்டோஸ் அந்த ஃபைலைத் தேடி, கிடைக்காமல், டிரைவைத் தொடங்க மறுக்கிறது. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் 4டி36இ965 என்று தொடங்கும் கிளாஸ் கீயை (கீ என்றால் ரெஜிஸ்ட்ரியின் ஃபோல்டர்; இது சிடி, டிவிடி டிரைவுக்கு உரியது) முதலில் பேக்கப்பாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பிறகு அந்த மதிப்புகளை அழித்து ரீஸ்டார்ட் கொடுங்கள். பக்கத்திலேயே 4டி36இ967 என்று தொடங்கும் ஒன்று இருக்கும். அது ஹார்ட் டிஸ்க்குக்கு உரியது. அங்கே கைவைத்தால் விண்டோஸ் பூட்டே ஆகாது.

2005-இல் சோனி பிஎம்ஜி இசை சிடிக்கள் ரகசியமாக நிறுவிய எக்ஸ்சிபி என்ற காப்பி தடுப்பு சாஃப்ட்வேரும் இதே வேலையைச் செய்தது. அதைக் கண்டுபிடித்த விண்டோஸ் நிபுணர் மார்க் ருசினோவிச் அதைக் கையால் நீக்கியபோது அவருடைய சிடி டிரைவும் காணாமல் போனது.

கே: ரெஜிஸ்ட்ரியில் கிடக்கும் குப்பையை நீக்க நல்ல ரெஜிஸ்ட்ரி கிளீனர் ஒன்று சொல்லுங்கள்.

ப: எதுவும் வேண்டாம்.

கே: பிடிஎஃப் வேறு புரோகிராமில் திறக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் மாற்றலாமா?

ப: எந்த ஃபைலை எதில் திறப்பது என்று குறித்துவைக்கும் யூசர்சாய்ஸ் கீயில் விண்டோஸ் 8 முதல் ஹேஷ் (சரிபார்ப்புக் குறியீடு) இருக்கிறது. கையால் மாற்றினால் செல்லாது. செட்டிங்ஸில் போய் மாற்றுங்கள்.

கே: இன்னொரு கிளவுட் டிரைவ் போட்டதும் பழைய சாஃப்ட்வேரின் பச்சை டிக் ஐகான்கள் மறைந்துவிட்டன.

ப: சுவாரசியமான கேள்வி! ஃபைல் ஐகான் மேல் ஒட்டும் இந்த டிக் போன்ற ஓவர்லே ஐகானுக்கு விண்டோஸில் மொத்தமே 15 இடம். அதிலும் சிலதை அதுவே எடுத்துக்கொள்ளும். மிச்சத்துக்குப் பெயரின் அகரவரிசைப்படி முன்னுரிமை. அதனால் இன்ஸ்டாலர்கள் பெயருக்கு முன்னால் ஸ்பேஸ் போட்டு வரிசையில் முந்துகின்றன. ஒருவன் ஒரு ஸ்பேஸ் போட்டால் அடுத்தவன் இரண்டு போடுகிறான். ஷெல்ஐகான்ஓவர்லேஐடென்டிஃபையர்ஸ் கீயைத் திறந்தால் இந்த அடிதடி கண்ணுக்கே தெரியும். வேண்டாததன் பெயருக்கு முன்னால் ஒரு இசட் சேர்த்தால் பின்னுக்குப் போய்விடும்.

கே: நான் கிளீனர் போட்டபின் சிஸ்டம் பறக்கிறதே?

ப: கூடவே ஸ்டார்ட்அப் புரோகிராம்களையும் நிறுத்தியிருப்பீர்கள். அதை டாஸ்க் மேனேஜரே செய்யும். யாரும் படிக்காத கீ சும்மா கிடந்தால் வேகம் குறையாது.

கே: முதல் பதிலில் மிச்சம்தான் டிரைவை முடக்கியது என்றீர்கள். இப்போது மிச்சம் கிடக்கட்டும் என்கிறீர்களே?

ப: சரியான பிடி. அந்த மிச்சத்தை டிரைவ் தொடங்கும் ஒவ்வொரு முறையும் விண்டோஸ் படிக்கிறது. எதைப் படிக்கும், எதைப் படிக்காது என்று கிளீனருக்குத் தெரியாது. ஃபைல் இல்லை என்றால் குப்பை என்று முடிவுகட்டும், அவ்வளவுதான்.

கே: ரெஜிஸ்ட்ரியிலிருந்து எக்ஸ்போர்ட் செய்த பழைய .ரெக் பேக்கப்பை இம்போர்ட் செய்தும் புதிய கீகள் போகவில்லை.

ப: போகாது. இம்போர்ட் என்றால் மெர்ஜ். பழைய மதிப்புகள் திரும்பும், புதிதாக வந்தவை அப்படியே இருக்கும்.

கே: சார், எந்த கிளீனர்...

ப: மேலே படியுங்கள்.

கே: இன்ஸ்டாலர் என்னென்ன மாற்றியது என்று எப்படிப் பார்ப்பது?

ப: நிறுவும் முன் ரெக்ஷாட்டில் (ரெஜிஸ்ட்ரியின் இரு நிலைகளைப் பதிந்து ஒப்பிடும் டூல்) ஒரு ஷாட், பின் ஒன்று, பிறகு கம்பேர். விண்டோஸ் தானாகவே செய்த மாற்றங்களும் பட்டியலில் நிறைய வரும். தானாகத் தொடங்குபவை பதிவாகும் ரன், சர்வீசஸ் கீகள் இரண்டையும் முதலில் பாருங்கள். 64 பிட் விண்டோஸில் 32 பிட் புரோகிராம் என்றால், அவற்றுக்கான தனிப் பகுதியான வாவ்6432நோடின் கீழும் தேடுங்கள்.