அறுப்பதற்கு முந்தைய நேரம்

அன்புள்ள ஐயா,

மயக்கமூட்டாமல் ஆடுமாடுகளை அறுக்கக் கூடாது என்ற பெல்ஜியச் சட்டங்கள் செல்லும் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இங்கேயும் ஹலால் முறையைத் தடை செய்தால் என்ன? ஒரே வெட்டில் முடியும் நம் கிடாவெட்டில் அந்த வதை இல்லையே? வாயில்லா ஜீவன்களுக்காக எழுதும் நீங்கள் இதைப் பற்றி மட்டும் ஏன் எழுதுவதில்லை?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

இதுவரை எழுதாதது தவறுதான். முதலில் வலியைப் பற்றிச் சொல்கிறேன். கழுத்தை அறுத்தால் ஆட்டுக்குச் சில விநாடிகளில் நினைவு தப்பிவிடும். மாட்டுக்கு அப்படியில்லை. அதன் மூளைக்குக் கழுத்தெலும்பை ஒட்டிப் போகும் குழாய்கள் வழியாகவும் ரத்தம் போகிறது. கத்தி அதுவரை எட்டுவதில்லை. சில மாடுகள் ஒரு நிமிடத்துக்கு மேலும் நினைவோடு இருக்கும். இதை மழுப்ப எனக்கு மனமில்லை. மாட்டையாவது மயக்கிவிட்டுத்தான் அறுக்க வேண்டும் என்பது என் எண்ணம். நியூசிலாந்தில் தலையில் மட்டும் மின்சாரம் பாய்ச்சி மயக்குகிறார்கள். அறுக்காமல் விட்டால் மாடு எழுந்துவிடும் என்பதால், உயிரோடு இருக்கும்போதுதான் அறுபடுகிறது. அந்த இறைச்சி ஹலாலாகவே ஏற்றுமதியாகிறது. மார்க்க அறிஞர்கள் எல்லாரும் இதை ஏற்கவில்லை, ஆனால் ஏற்றவர்கள் பலர். அவர்களோடு பேசித்தான் இதைக் கொண்டுவர முடியும்.

தடை என்றால் எனக்குத் தயக்கம். சுவிட்சர்லாந்தில் 1893-ல் யூதர்கள் மயக்காமல் அறுக்கும் முறையைப் பொதுவாக்கெடுப்பு வைத்துத் தடுத்தார்கள். அந்தப் பிரச்சாரத்தில் பிராணிகள் மேலுள்ள இரக்கத்தோடு யூதர்கள் மேலுள்ள வெறுப்பும் கலந்திருந்தது. ஜெர்மனியில் ஹிட்லர் பதவிக்கு வந்து மூன்று மாதம் ஆகும் முன்பே, 1933 ஏப்ரலில், அதே தடை வந்தது. பெல்ஜியத்தை நான் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நம் ஊரில் இந்தப் பேச்சை எடுப்பவர்களில் எத்தனை பேர் மாட்டை நினைத்து எடுக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

கிடாவெட்டுக்கு வருவோம். 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 28-வது பிரிவு, ஒரு சமூகத்தின் மதம் கோரும் முறையில் பிராணியைக் கொல்வது குற்றமாகாது என்கிறது. அது பாய் கடைக்கும் நம் குலதெய்வத்துக்கும் பொது. 2003-ல் ஒரு பழைய சட்டத்தைத் தூசு தட்டி எடுத்துக் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுத்தார்களே, அப்போது நமக்கு எப்படிக் கொதித்தது? அடுத்த வருடமே அந்தச் சட்டத்தை நீக்கும்படி ஆனது.

ஒரே வெட்டு என்கிறீர்கள். எங்கள் ஊர் கருப்பராயன் கோயிலில் இரண்டாம் வெட்டு விழுந்ததையும் பார்த்திருக்கிறேன். அதைவிட என்னை உறுத்துவது வேறு. தண்ணீர் தெளித்து, கிடா உடம்பைச் சிலிர்த்துத் துளுக்கும்வரை காத்திருக்கிறோம். அது நிற்பது முந்தைய கிடாவின் ரத்தத்தில். பின்னால் வரிசையில் நிற்பவை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

அறுக்கும் அந்த நிமிடத்தைப் பற்றி மட்டுமே சண்டை போடுகிறோம். அதற்கு முந்தைய இரவை யார் பேசுகிறார்கள்? ஒரு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது 1978-ம் வருட விதி. கேரளா போகும் வழியில் ஒரு டீக்கடை முன்னால் நின்ற லாரியில் நான் எண்ணியது பதினேழு. மூக்கணாங்கயிற்றை மேல் கம்பியில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். படுத்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கூட வந்த பையனைக் கேட்டேன். “கண்ணுல மிளகாப்பொடி வச்சா எந்திரிச்சிரும்ணே” என்றான். அந்த மாடுகள் எந்த முறையில் அறுபட்டால் என்ன, பாதி உயிர் வழியிலேயே போய்விட்டது.

அறுக்கும்போது கத்தியைக் கூராக்கிக்கொள்ளுங்கள், பிராணிக்குச் சிரமம் கொடுக்காதீர்கள் என்று நபிமொழி இருக்கிறது. ஒன்றின் கண்முன் இன்னொன்றை அறுக்காமல் இருப்பது மார்க்கம் சொல்லும் ஒழுங்கு. நம் அரசின் 2001-ம் வருட இறைச்சிக்கூட விதிகளும் அதையேதான் சொல்கின்றன. விதியும் மார்க்கமும் ஒன்றாகச் சொல்வதை நம் தெருக் கோழிக்கடையில் தேடிப் பாருங்கள். கூண்டுக்கு இரண்டடி தள்ளி அறுத்து டிரம்மில் போடுகிறார்கள். அது உள்ளே அடித்துக்கொள்வதை மற்ற கோழிகள் பார்த்தபடி இருக்கின்றன. கடைக்காரர் எந்த மதமானாலும் இதே கதைதான்.

போன வருடம் எங்கள் கோயில் பூசாரியிடம் பேசினேன். முதலில் முறைத்தார். அப்புறம் இந்த வருடக் கோயில் திருவிழாவில், முறை வரும்வரை கிடாக்களைக் கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கட்டி, தழை போட்டார்கள். நான் கோழி வாங்கும் கடையில் பாயிடமும் கேட்டேன். கூண்டுக்கு முன்னால் ஒரு சாக்கைத் தொங்கவிட்டார். செலவு ஒன்றுமில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடையிலும் கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.