பழைய கச்சேரி கேசட்டில் சுருதி கீபோர்டோடு ஒட்டாதது ஏன்?

தருமபுரிப் பக்கத்து மெல்லிசைக் குழுவில் மூத்தவர்கள் கேட்டுப் பழகிய கேசட்டுகளை வைத்துப் பயிற்சி எடுக்கும்போது, கீபோர்டோடு சுருதி சேரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் வேகம்தான்.

கேசட் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும். டேப் ரெக்கார்டரைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் தளர்ந்து வேகம் ஏறத்தாழ 6 சதவீதம் குறைந்தாலே அரை ஸ்வரம் இறங்கிவிடும். முதலில், கம்பெனி வெளியிட்ட வேறு இரண்டு மூன்று கேசட்டுகளைப் போட்டுப் பாருங்கள். எல்லாமே இறங்கி ஒலித்தால் டேப் ரெக்கார்டரின் பெல்ட்டை மாற்றுங்கள். அந்த ஒரு கேசட் மட்டும் என்றால், ரெக்கார்டிங் சென்டரில் பதிந்தபோதே வேகம் தவறியிருக்கிறது. பெல்ட் மாற்றிப் பயனில்லை. கணினியில் ஏற்றி, ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் வேகத்தையே திருத்துங்கள். சுருதியை மட்டும் ஏற்றினால் தாளம் மந்தமாகவே நிற்கும், டிரம்மர் தவறான நடையைப் பழகிவிடுவார்.

சுருதி அலைபாய்ந்தால் டேப் ரெக்கார்டரில் நாடாவை அழுத்தி ஓட்டும் ரப்பர் உருளையைப் பாருங்கள். கறுத்துப் பளபளத்தால் நாடா வழுக்குகிறது. நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைக்கலாம். ரப்பருக்குச் சோப்புத் தண்ணீரே நல்லது.

ஒலி மங்கினால் நாடாவுக்குப் பின்னாலுள்ள நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சுத் துண்டு விழுந்திருக்கலாம். நம்மூர் சித்திரை வெயிலில் தகரக்கூரைக்கு அடியில் வைத்த கேசட்டுகளில் அதை ஒட்டிய பசை சீக்கிரம் விட்டுவிடும். ஸ்குரூ போட்ட வேறு கூட்டுக்கு நாடாவை மாற்றுங்கள். சுருள் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் மட்டும் தயவுசெய்து ஓட்டாதீர்கள். அடுத்த கேசட்டுக்கும் அது தொற்றும்.