தலைக்காவிரிக்குக் காரில் போவதா, பறந்து போவதா?

கேள்வி: ஐயா, எங்களுக்குத் திருவிடைமருதூர் பக்கம் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். மே மாதம் பிள்ளைகள் லீவில் மைசூரும் குடகும் போய்வரலாம் என்று வீட்டில் பேச்சு. நான், வீட்டுக்காரர், ஆறாவது படிக்கும் மகன், மூன்று வயது மகள், மாமியார் என்று ஐந்து பேர். மாமியாருக்கு எழுபது வயது, முழங்கால் வலி. ஆனால் தலைக்காவிரியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்காரர், "நம்ம கார்தான் இருக்கே, ராத்திரி சாப்பிட்டுட்டுக் கிளம்பினா விடியும்போது மைசூர்" என்கிறார். மகன் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை, திருச்சியிலிருந்து பெங்களூருக்குப் பறக்கலாம் என்று ஒரே பிடிவாதம். வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மலை ஏறினால் மகளுக்கு வாந்தி வரும். குறுவை வேலை தொடங்குவதற்குள் திரும்பிவிட வேண்டும். எது சரி?
- வாசகி, திருவிடைமருதூர்

பதில்: காரிலேயே போங்கள் சகோதரி. ஆனால் வீட்டுக்காரர் சொல்கிற மாதிரி ராத்திரியில் வேண்டாம், ஒரே மூச்சிலும் வேண்டாம். இந்த இரண்டையும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கார் பேச்சையே விட்டுவிட்டு ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிடுங்கள். விமானம் இந்தப் பயணத்துக்குச் சரிப்பட்டு வராது. ஏன் என்று சொல்கிறேன்.

விமானம் என்றதும் எல்லோரும் பறக்கிற நேரத்தை மட்டும் பார்க்கிறோம். திருச்சியிலிருந்து பெங்களூருக்கு ஒரு மணி நேரம் சொச்சம்தான், அது உண்மை. வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஊரிலிருந்து திருச்சி விமான நிலையம் நூறு கி.மீ.க்கு மேல், துவாக்குடி, திருவெறும்பூர் நெரிசலைச் சேர்த்தால் இரண்டரை மணி நேரம். கவுண்டரை ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள், குழந்தையையும் பெரியவரையும் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் முன்னதாகவாவது போய் நிற்க வேண்டும். பெங்களூரில் இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி. அந்த விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது, மைசூரோ தென்மேற்கே. ஊரைத் தாண்டி மைசூர் போய்ச் சேர நான்கு மணி நேரம் ஆகும். ஆக மொத்தம் பத்து மணி நேரத்துக்குக் குறையாது. உங்கள் வீட்டிலிருந்து காரில் போனாலும் நானூற்று நாற்பது கி.மீ. ஒட்டி வரும், நின்று நிதானித்துப் போனால் அதே பத்து மணி நேரம். ஐந்து டிக்கெட் போட்டு ஒரு மணி நேரம்கூட மிச்சமில்லை. மூன்று வயது மகளுக்கும் முழு சீட்தான் எடுக்க வேண்டும், இரண்டு வயதுக்குள் இருந்தால்தான் மடியில் வைத்துக்கொள்ளலாம். போய் இறங்கிய பிறகும் குடகில் கார் இல்லாமல் ஒன்றும் நடக்காது, மடிக்கேரி ஒரு பக்கம், தலைக்காவிரி அங்கிருந்து நாற்பத்தைந்து கி.மீ., குஷால்நகர் வேறு பக்கம். எல்லாவற்றுக்கும் டாக்ஸிதான். சொந்தக் காரில் சுற்றியதையும் சேர்த்து ஆயிரத்து முந்நூறு, நானூறு கி.மீ. ஓடினாலும் லிட்டருக்குப் பதினைந்து கி.மீ. கொடுக்கிற வண்டிக்குப் பெட்ரோல் ஒன்பதாயிரம், ஒன்பதரையில் முடிந்துவிடும். சுங்கச்சாவடி தனி. அடிக்கடி தேசிய நெடுஞ்சாலையில் போகிறவர்கள் என்றால் 2025 ஆகஸ்டு 15 முதல் சொந்தக் கார்களுக்கு ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் வந்திருக்கிறது, அறிமுகமானபோது 3,000 ரூபாய், ஓராண்டு அல்லது 200 முறை.

இப்போது வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன், இதைத் தயவுசெய்து அவரையும் படிக்கச் சொல்லுங்கள். ராத்திரி டிராஃபிக் இருக்காது, வெயில் இருக்காது, பிள்ளைகள் தூங்கிவிடும் என்று நம் பக்கத்தில் எல்லோரும் சொல்கிற காரணம்தான். ஆனால் பகல் முழுக்க வயலிலும் வேலையிலும் நின்ற உடம்பு விடியற்காலை இரண்டு மணிக்குமேல் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் தானாகக் கண்ணை மூடும், டீ குடித்தாலும் ஜன்னலைத் திறந்தாலும் அது நிற்காது. மாற்றி ஓட்ட ஆள் இல்லாத காரில், ஐந்து பேரை வைத்துக்கொண்டு இதைச் செய்யவே கூடாது. அதோடு ராத்திரி கிளம்பி ஒரு லாபமும் இல்லை. சத்தியமங்கலம் தாண்டியதும் பண்ணாரியிலிருந்து காட்டுப் பாதை, புலிகள் காப்பகம். 2022-லிருந்து அங்கே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை கார்களை விடுவதில்லை. ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்பினால் மூன்று மணிக்கெல்லாம் பண்ணாரி சோதனைச்சாவடி வரிசையில் குழந்தையோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கூடலூர் வழியாகப் போகலாம் என்று யாராவது சொன்னால், முதுமலை, பந்திப்பூரிலும் இதே இரவுத் தடைதான்.

ஆக்டிங் டிரைவர் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருப்பேன், ஆனால் நீங்கள் ஐந்து பேர், டிரைவர் ஆறாவது ஆள், உங்கள் வண்டியில் இடம் இல்லை. அதனால் பயணத்தை இரண்டாக வெட்டுங்கள். முதல் நாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பி பவானி வரை மட்டும். ஐந்து, ஐந்தரை மணி நேர ஓட்டம்தான், மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். அங்கே அறை எடுத்து அவர் நன்றாகத் தூங்கட்டும், வெயில் தாழ்ந்ததும் சங்கமேஸ்வரர் கோயிலுக்கும் கூடுதுறைக்கும் போய்வாருங்கள். மறுநாள் விடிந்ததும் கிளம்பினால் எட்டு மணி வாக்கில் பண்ணாரி, மதியத்துக்குள் மைசூர். ஒரு ராத்திரி அறை வாடகை கூடுதலாக ஆகும், அதை மட்டும் பார்க்காதீர்கள்.

இன்னொன்று, உங்கள் மாமியாருக்காகவே இந்த வழியைச் சொல்கிறேன். தலைக்காவிரி பார்க்கப் போகிறவருக்கு ஆற்றை ஒட்டியே போகிற பாதை இது. திருவையாறு வழியாகக் கிளம்பினால் கல்லணை, அப்புறம் திருச்சி, முக்கொம்பு, குளித்தலை, கரூர் தாண்டிக் கொடுமுடி, பிறகு பவானி. மே மாதத்தில் நம் ஊரில் ஆறு வெறும் மணலாகத்தான் கிடக்கும், இருந்தாலும் கரை கரையாக மேலே ஏறிப் போவதை அவர் பார்க்கட்டும். பவானியோடு ஆற்றை விட்டுப் பிரிந்தால் மறுபடி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பிடிக்கலாம், கிருஷ்ணராஜசாகர் அணையும் அங்கேயே பக்கத்தில். விமானத்தில் போனால் இதில் ஒன்றுகூடக் கிடைக்காது. மைசூரிலிருந்து மடிக்கேரி மூன்று மணி நேரம், மறுநாள் பாகமண்டலா போய், அங்கிருந்து எட்டு கி.மீ. மலை ஏறினால் தலைக்காவிரி. கோயிலுக்கு ஏற வாசலிலேயே படிகள் உண்டு, ஒரு பக்கம் நீங்கள் பிடித்துக்கொண்டால் மெதுவாக ஏறிவிடுவார். காவிரி ஊற்றெடுக்கிற குண்டிகை என்ற சின்னத் தொட்டியும் அதன் முன்னால் உள்ள குளமும் அங்கேயே இருக்கின்றன. அதற்கு மேல் பிரம்மகிரி உச்சிக்குப் போகிற நீளமான படிக்கட்டுக்கு அவரைக் கூப்பிடாதீர்கள், மகனை அப்பா கூட்டிப்போகட்டும். மாயவரத்தில் ஐப்பசியில் துலா ஸ்நானம் நடக்கிற அதே சமயத்தில்தான் அங்கேயும் துலா சங்கிரமணத்துக்குக் கூட்டம் கூடும், இதை அவரிடம் சொன்னால் சந்தோஷப்படுவார்.

முழங்கால் வலிக்காரரை முன் சீட்டில் உட்கார வைத்து சீட்டை நன்றாகப் பின்னால் தள்ளிவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறக்கி ஐந்து நிமிடம் நடக்க விடுங்கள். வெளியூர் போனால் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலே வருவார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள், மே வெயிலில் அது ஆபத்து. நாற்காலி மாதிரி உட்காரும் கழிப்பறை இருக்கிற ஹோட்டலாகப் பார்த்துச் சாப்பிட நிறுத்துங்கள்.

மகளுக்கு: திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். பண்ணாரிக்கு முன்னால் வயிறு முட்ட இட்லி, பால் எதுவும் வேண்டாம், கொஞ்சமாகக் கொடுங்கள். குழந்தை சீட்டில் பெல்ட் போட்டு, பின்னால் நடுவில், முன் கண்ணாடி வழியாகச் சாலை தெரிகிற மாதிரி உட்கார வையுங்கள். போனைக் கையில் கொடுத்தால் மூன்றாவது வளைவிலேயே வாந்தி எடுத்துவிடும். மாத்திரை, சிரப் எதுவானாலும் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பெரியவர்களுக்கு ஒரு துண்டு உப்பு நார்த்தங்காய் போதும். காட்டுக்குள் யானை பார்க்க வண்டியை நிறுத்த வேண்டாம், இறங்கவே வேண்டாம்.

குறுவைக்கு முன் என்று நீங்கள் சொன்னது ரொம்பச் சரி. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கிற கணக்கு ஒரு பக்கம் இருக்க, குடகில் ஜூனில் மழை பிடித்துக்கொள்ளும். 2020 ஆகஸ்டில் தலைக்காவிரியிலேயே மலை சரிந்து உயிர்ச்சேதம் ஆனது. மே மாதத்துக்குள் முடித்துவிடுங்கள், ஏதாவது காரணத்தால் தள்ளிப்போனால் மழை விட்டபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பவானியில் தங்க வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால் மைசூர் எக்ஸ்பிரஸ். கும்பகோணத்தில் சாயங்காலம் ஏறினால் காலையில் மைசூர், அங்கே டாக்ஸி பேசிக்கொள்ளலாம். முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது, திறந்த அன்றைக்கே போட்டுவிடுங்கள். மாமியார் டிக்கெட்டை மட்டும் தனியாக, மூத்த குடிமக்களுக்கான கீழ் பெர்த் ஒதுக்கீட்டில் போடுங்கள். உங்கள் எல்லோரோடும் சேர்த்துப் போட்டால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. அவருக்கு வேறு ரயில் பெட்டியில் இடம் விழவும் வாய்ப்பு உண்டு, அப்படி ஆனால் யாராவது ஒருவர் அவர் பக்கத்தில் போய் இருக்க வேண்டியிருக்கும்.

மகன் ஆசையைத் தட்டிக்கழிக்காதீர்கள். அவனிடம் இந்தக் கணக்கை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள், ஆறாவது படிக்கிறவனுக்குப் புரியும். அரையாண்டு லீவில் திருச்சியிலிருந்து சென்னைக்கு ஒரு வழி மட்டும் விமானத்தில் கூட்டிப்போங்கள், ஒரு மணி நேரப் பயணம், திரும்பி வர உழவன், சோழன் எக்ஸ்பிரஸ் ரயில்கள் இருக்கின்றன. பகல் விமானமாக, ஜன்னல் சீட்டாக எடுங்கள். காவிரியையும் கொள்ளிடத்தையும் தாண்டித்தான் சென்னைக்குப் போக வேண்டும்.

கேள்வி: நாங்கள் அண்ணன் தம்பி இரண்டு குடும்பம், ஏழு பேர், நாலு நாள் லீவு. ஏழு சீட் வண்டி இருக்கிறது, இரண்டு பேருமே நன்றாக ஓட்டுவோம். ஹைதராபாத்துக்குக் காரில் போகலாமா?
- வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: வேண்டாம், பறந்துவிடுங்கள். இரண்டு டிரைவர் இருப்பது நல்ல விஷயம்தான், ஆனால் தூரம் ஆயிரம் கி.மீ.யை ஒட்டி வருகிறது. போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள், மிச்சம் ஒரு நாளில் சார்மினாரைப் பார்ப்பீர்களா, ராமோஜி ஃபிலிம் சிட்டியைப் பார்ப்பீர்களா, தூங்குவீர்களா? என்னைக் கேட்டால் ஐந்நூறு கி.மீ.க்குள் என்றால் டெல்டாக்காரர்களுக்குக் காரோ ரயிலோதான், எண்ணூறைத் தாண்டினால் விமானம், நடுவில் இருப்பதைத்தான் ஆளையும் லீவையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

திருச்சியிலிருந்து நேர் விமானமாகப் பாருங்கள். சென்னையில் இறங்கி மாறுகிற டிக்கெட் மலிவாகத் தெரியும், காத்திருக்கிற நேரத்தில் அரை நாள் போய்விடும். திரையில் முதலில் காட்டுகிற கட்டணத்தை நம்பாமல், சீட் தேர்வு எல்லாம் சேர்ந்து கடைசியில் வருகிற தொகையை ஏழால் பெருக்கிப் பாருங்கள். உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் ஆளுக்கு 15 கிலோ பெட்டி, 7 கிலோ கைப்பை. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டிக்குள் போடக்கூடாது. ஊறுகாய் பாட்டிலைப் பெட்டிக்குள் வையுங்கள். கொப்பரை, கற்பூரம், தீப்பெட்டி எதிலும் வேண்டாம். அப்புறம் திரும்பி வருகிற விமானம் ராத்திரி எத்தனை மணிக்குத் திருச்சியில் இறங்குகிறது என்று பார்த்து எடுங்கள், அங்கிருந்து பட்டுக்கோட்டை வரை இரண்டரை மணி நேரம் யாராவது தூக்கக் கண்ணோடு ஓட்டத்தான் வேண்டும். ராத்திரி பத்துக்குமேல் இறங்கினால் திருச்சியிலேயே தங்கிவிட்டுக் காலையில் போங்கள்.

கேள்வி: எட்டுப் பேர் ஊட்டி போகிறோம். தெரிந்தவர் தன் சொந்த வேனை டிரைவரோடு தருகிறேன் என்கிறார், வாடகை டாக்ஸியில் பாதிதான். போகலாமா?
- வாசகர், மயிலாடுதுறை

பதில்: அது வெள்ளை போர்டு வண்டியாக இருந்தால் காசு கொடுத்து ஏறாதீர்கள். சொந்த உபயோகத்துக்கு என்று பதிவான வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி தப்பு. மலைப்பாதையில் ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது இதைத்தான், வாடகைக்கு ஓடியது என்று தெரிந்தால் இழப்பீடு சிக்கலாகிவிடும். மிச்சமாகிற பாதி வாடகை அதற்கு ஈடாகாது. மஞ்சள் போர்டு வண்டியாகப் பேசுங்கள், ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் எத்தனை கி.மீ. கணக்கு, டிரைவர் பேட்டா எவ்வளவு, மலைக்குத் தனியாகக் கேட்பார்களா என்பதையெல்லாம் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். இல்லையென்றால் மயிலாடுதுறையிலிருந்து கோவைக்கு ஜன் சதாப்தி இருக்கிறது, மதியம் ஏறினால் ராத்திரி கோவை. தங்கிவிட்டுக் காலையில் மலை வண்டி பேசிக்கொள்ளலாம்.

வெளியூர் வேனோ காரோ எதில் போனாலும் இ-பாஸ் வேண்டும், 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கட்டாயம். சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று உயர் நீதிமன்றம் எண்ணிக்கையும் வைத்திருக்கிறது, சனி ஞாயிறில் சீக்கிரம் தீர்ந்துவிடும். தேதி முடிவானதும் முதலில் பாஸ் எடுங்கள், அப்புறம் அறைக்கு முன்பணம் கட்டுங்கள். பாஸில் போட்ட வண்டி எண்ணும் வருகிற வண்டி எண்ணும் ஒன்றா என்று கிளம்பும் அன்று காலையில் டிரைவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கடைசி நேரத்தில் வேறு வண்டி அனுப்புகிறவர்கள் நிறைய.