பூட்டிய வீட்டில் கொள்ளையா?

கேள்வி: எதிர்வீட்டார் ஊருக்குப் போயிருந்தபோது பூட்டை உடைத்து நகையை எடுத்துச் சென்றுவிட்டார்கள். ஆங்கில நாளிதழ் ‘ராபரி’ என்றது; தமிழ் நாளிதழ் ‘கொள்ளை’ என்றது. தெஃப்ட், ராபரி, பர்க்லரி எல்லாம் ஒன்றுதானே?

பதில்: ஒன்றல்ல. ‘கொள்ளை’ என்ற அந்தச் சொல்லுக்காக எங்கள் அலுவலகத்திலேயே பல முறை சண்டை போட்டிருக்கிறேன். கொள்ளை அழகு, கொள்ளை ஆசை, கொள்ளைநோய் என்று எங்கே வந்தாலும் வாரிக்கொண்டு போகிற வேகம் அதில் உண்டு. ஆளில்லாத வீட்டில் ஓசைப்படாமல் பீரோவைத் திறந்தவனுக்கு அந்தச் சொல்லை ஏன் கொடுக்க வேண்டும்?

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் போட்ட கோடுகள், அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டத்திலும் தொடர்கின்றன. பிறர் வசமுள்ள பொருளை, அவர் சம்மதமின்றி, கெட்ட எண்ணத்தோடு இடம்பெயர்த்தாலே தெஃப்ட், அதாவது திருட்டு. சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: ஒருவன் நாய்க்குப் பிடித்த தீனியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்கிறான், அடுத்தவர் நாய் அவன் பின்னால் வரத் தொடங்கிய அந்த நொடியிலேயே திருட்டு முடிந்துவிட்டது. எவ்வளவு நுட்பமான கண் பாருங்கள்! அந்தத் திருட்டுக்காக ஒருவரை அடித்தாலோ, மடக்கிப் பிடித்தாலோ, அந்தக் கணமே அடி விழும் என்று அஞ்ச வைத்தாலோதான் அது ராபரி, அதாவது கொள்ளை. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால், இந்தியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன டெக்காய்ட்டி; தமிழில் கூட்டுக்கொள்ளை. சாதாரணத் திருட்டுக்கு 3 ஆண்டு வரையும், ராபரிக்கு 10 ஆண்டு வரையும் சிறை; கூட்டுக்கொள்ளைக்கு ஆயுள் தண்டனையே விதிக்கலாம்.

பர்க்லரியில் அத்துமீறி நுழைவதுதான் முக்கியம். இங்கிலாந்தின் பழைய வழக்குச் சட்டத்தில், திருடுவது போன்ற பெருங்குற்றம் செய்யும் நோக்கோடு இரவில் குடியிருப்பை உடைத்துப் புகுந்தாலே போதும், ஒரு குண்டூசிகூடக் களவு போயிருக்க வேண்டியதில்லை. இரவு என்ற நிபந்தனையை 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம் நீக்கியது. மண்சுவரைக் கன்னக்கோலால் துளைத்துப் புகுந்த காலத்திலேயே நாம் இதற்குக் கன்னக்களவு என்று பெயர் வைத்துவிட்டோம். காவல்துறை இன்றும் அந்தச் சொல்லைப் புழங்குகிறது.

எதிர்வீட்டில் நடந்தது கன்னக்களவு. தெருவில் கத்தியைக் காட்டி ஒரு பாட்டியின் சங்கிலியைக் கழற்றச் சொல்லி வாங்கிப் போனால், அது கொள்ளை. அதைச் ‘சங்கிலித் திருட்டு’ என்று அச்சடிக்கும்போது, கழுத்தருகே கத்தியைப் பார்த்து அவர் நடுங்கியது செய்தியிலேயே இல்லாமல் போய்விடுகிறது.