கணக்கை முடக்கிவிட்டார்கள், படங்கள் உள்ளே மாட்டிக்கொண்டன

கேள்வி: நான் புகைப்படக்காரன். கூட ஆள் கிடையாது, தனியாகத்தான் தொழில். ஒன்பது வருஷமாக எடுத்த படங்கள், பில்கள் எல்லாவற்றையும் ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தின் கிளவுடில் மாதச் சந்தா கட்டி வைத்திருந்தேன். போன மாதம் ஒருநாள் போனைத் திறந்தால், 'விதிமீறல் காரணமாகக் கணக்கு முடக்கப்பட்டது' என்று ஒரே ஒரு வரி. எந்த விதி, எந்தப் படம் என்று எதுவும் இல்லை. முறையிட்டேன். 40 நிமிடத்தில் 'முடிவில் மாற்றமில்லை' என்று பதில். இந்த நிறுவனங்கள் இப்போது அரசாங்கம் மாதிரிதானே? அடிப்படை உரிமை பறிபோனதாக ரிட் போடலாமா? வழக்கு என்றால் கலிபோர்னியாவில்தான் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதே?

பதில்: முதலில் அந்த இரண்டு செய்திகளும் உங்களிடம் பத்திரமாக இருக்கின்றனவா? நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். ஒன்பது வருஷச் சேமிப்பை 40 நிமிடத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்து பரிசீலித்தார் என்று எந்த எதிர்த்தரப்பு வக்கீலும் கூசாமல் சொல்ல முடியாது. உங்களிடம் இருக்கும் நல்ல சாட்சி அதுதான். சந்தா போனதற்கான வங்கிக் கணக்கு விவரத்தையும் எடுத்துவிடுங்கள். மின்னணு ஆவணங்களைத் தாக்கல் செய்ய பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

'அரசாங்கம் மாதிரி' என்கிறீர்கள். தனிப்பட்ட முறையில் எனக்கும் அதே எண்ணம்தான். ஒரு மனிதனின் கடிதம், கணக்கு, படம் எல்லாவற்றுக்கும் சாவி ஒரே இடத்தில் இருந்தால், அந்தச் சாவியை வைத்திருப்பவரைச் சாதாரண வியாபாரி என்று எப்படிச் சொல்வது? ஆனால் நீதிமன்றங்கள் இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை. 2025 அக்டோபரில், வாட்ஸ்அப் கணக்கு முடக்கப்பட்ட ஒருவர் நேராக உச்ச நீதிமன்றத்துக்கே போனார். வாட்ஸ்அப் வைத்திருப்பது என்ன அடிப்படை உரிமை என்று நீதிபதிகள் கேட்டார்கள். வேறு செயலிகள் இருக்கின்றனவே, 'அரட்டை' என்ற இந்தியச் செயலியைப் பயன்படுத்தலாமே என்றும் சொன்னார்கள். (ஒரு தமிழ்ச் சொல் உச்ச நீதிமன்றத்தில் ஒலித்ததில் எனக்குக் கொஞ்சம் மகிழ்ச்சிதான், மனுதாரருக்கு இருந்திருக்காது.) மனு திரும்பப் பெறப்பட்டது.

கதவு முழுக்கச் சாத்தியிருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். அரசியல் சாசனத்தின் 19, 21ஆம் பிரிவுகள் தரும் பேச்சு, வாழ்வு உரிமைகளைத் தனியாருக்கு எதிராகவும் கோரலாம் என்று 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வின் பெரும்பான்மை சொல்லியிருக்கிறது. பாட்டி தன்னைக் குளிப்பாட்டும் சின்ன வயதுப் படத்தை கூகுள் டிரைவில் ஏற்றியதால் கணக்கை இழந்த ஒரு பொறியாளரின் மனுவில், 2024 மார்ச்சில் குஜராத் உயர் நீதிமன்றம் கூகுளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. இருந்தாலும் ரிட்டில் தொடங்காதீர்கள். 'இது தனியார் ஒப்பந்தம், மாற்று வழி இருக்கிறது' என்று எதிர்த்தரப்பு முதல் நாளே எழுந்து நிற்கும். அதைத் தாண்டவே மாதங்கள் ஓடிவிடும். உங்களுக்கு நேரம் இல்லை. முடக்கிய கணக்கின் தரவைக் கொஞ்ச காலத்தில் அழித்துவிடுவதாகப் பல நிறுவனங்கள் தங்கள் நிபந்தனைகளிலேயே எழுதி வைத்திருக்கின்றன.

அதனால் கணக்கைத் திறக்கச் சொல்வதைவிட, 'எதையும் அழிக்காதே, என் தரவின் பிரதியைக் கொடு, காரணத்தை எழுத்தில் சொல்' என்ற மூன்றைத்தான் முதலில் கேட்க வேண்டும். இதைப் பொதுவான உதவிப் படிவத்தில் போடாதீர்கள். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இதுபோன்ற நிறுவனம் ஒரு குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தன் தளத்தில் வெளியிட வேண்டும். பெரும்பாலும் பக்கத்தின் அடியில், யார் கண்ணிலும் படாத மூலையில் இருக்கும். தேடிப் பிடியுங்கள். புகார் வந்து சேர்ந்ததை அவர் 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். கடிதத்தில் 3(1)(n) விதியைக் குறிப்பிடுங்கள். அரசியல் சாசனத்தின் 14, 19, 21ஆம் பிரிவுகள் தரும் உரிமைகளை இடைநிலை நிறுவனம் (பிறர் தரவைச் சேமித்து வைக்கும் அல்லது கடத்தும் நிறுவனம்) மதிக்க வேண்டும் என்கிறது அது. 2022 அக்டோபரில் சேர்ந்த விதி. நீங்கள் ரிட்டில் எழுத நினைத்த வாதத்துக்குப் பொருத்தமான இடம் இப்போதைக்கு இதுதான்.

பதில் திருப்தி இல்லையென்றால், அது கிடைத்த 30 நாளுக்குள் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். எல்லாம் இணையத்தில்தான், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். (எங்கள் தொழிலுக்கு நஷ்டம், பரவாயில்லை.) குழுவின் உத்தரவுக்கு நிறுவனம் கட்டுப்பட வேண்டும். கணக்கு திரும்பக் கிடைத்துவிடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வரியில் உங்களை அனுப்பிவிட்டவர்கள், அங்கே காரணம் என்று எதையாவது எழுதித்தான் ஆக வேண்டும்.

அப்புறம் நுகர்வோர் ஆணையம். நீங்கள் சந்தா கட்டியவர் என்பதால் இதுதான் உங்கள் பலமான இடம். 'வணிக நோக்கம், எனவே நுகர்வோர் அல்ல' என்பார்கள். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்த மட்டுமே ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்துவதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவு விளக்கம் வணிக நோக்கத்திலிருந்து விலக்குகிறது. அதில் பொருள் என்றுதான் இருக்கிறது, சேவைக்கும் அதே நியாயம் பொருந்தும் என்று வாதாடுங்கள். கூட ஆள் இல்லை என்றீர்களே, அதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

கலிபோர்னியாவுக்கு விமான டிக்கெட் எடுக்க வேண்டாம். புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்கிறது அதே சட்டத்தின் 34ஆம் பிரிவு. ஒப்பந்தத்தில் நடுவர் மன்ற ஷரத்து (தகராறைத் தனி நடுவரிடம்தான் தீர்க்க வேண்டும் என்ற நிபந்தனை) இருந்தாலும் நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று எமார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது.

இரண்டு இடத்தில் கால் வழுக்கும். ஒன்று, 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று மனுவில் போட்டால் மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். 'சேவைக் குறைபாடு' என்றே எழுதுங்கள். தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சட்டப்படி குறைபாடுதான். இன்னொன்று, இங்கே இருக்கும் இந்தியக் கம்பெனி, 'நாங்கள் விளம்பரம் விற்பவர்கள் மட்டும், சேவை தருவது வெளிநாட்டுத் தாய் நிறுவனம்' என்று கழன்றுகொள்ளப் பார்க்கும். உங்களோடு ஒப்பந்தம் செய்த நிறுவனம் எது என்று நிபந்தனைகளில் பார்த்து, இரண்டையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். மனுவோடு, அதே சட்டத்தின் 38(8) பிரிவின் கீழ் தரவை அழிக்க இடைக்காலத் தடையும் கேளுங்கள்.

சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையம்? 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது அதுதான். சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துபவர்களைத் தட்டிக்கேட்பது அதன் வேலை. உங்கள் படங்கள் அதனால் வெளியே வராது.

2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் சிலர் சொல்வார்கள். அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, தரவு கேட்கும் உரிமை அமலுக்கு வர அங்கிருந்து 18 மாத அவகாசம். காத்திருக்க வேண்டாம்.

கடிதத்தை இன்றே அனுப்புங்கள். வங்கி, வருமான வரிக் கணக்குகளில் முடங்கிய கணக்கின் மெயில் முகவரி இருந்தால் அதை நாளைக்கே மாற்றிவிடுங்கள்.