முதல் பெட்டி மட்டும் ஏன் நிரம்ப மறுக்கிறது?

கேள்வி: திருப்பூரில் சின்னதாக ஒரு தையல் யூனிட் நடத்துகிறேன். பாஸ்வேர்டுகள் எல்லாம், அவற்றைச் சேமித்து லாகின் பெட்டிகளில் தானாக நிரப்பும் பிட்வார்டன் என்ற செயலியில் இருக்கின்றன. வங்கியின் கார்ப்பரேட் லாகினில் கார்ப்பரேட் ஐடி, யூசர் ஐடி, பாஸ்வேர்டு என்று மூன்று பெட்டிகள். பின்னிரண்டும் தானாக நிரம்புகின்றன, முதலாவது நிரம்புவதில்லை. அதற்கென்று பிட்வார்டன் பதிவில் நாமே சேர்க்கும் கூடுதல் பெட்டியான கஸ்டம் ஃபீல்டு போட்டும் பலனில்லை. எனக்குப் பிட்வார்டன் கணக்குத் தொடங்கித் தந்த கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர், அதைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டைக் கொடுத்தால் சரிசெய்வதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கவே கூடாது. ஐந்து நிமிட வேலை இது, நீங்களே செய்யலாம்.

கஸ்டம் ஃபீல்டின் லேபிளில் திரையில் தெரிகிறபடி ‘கார்ப்பரேட் ஐடி’ என்று எழுதியிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் வங்கியின் இணையப் பக்க நிரலுக்குள் அந்தப் பெட்டிக்கு வேறு பெயர் இருக்கும். பிட்வார்டன் தேடுவது அதைத்தான். வங்கிப் பக்கத்தில் அந்தக் காலிப் பெட்டியின் மேல் ரைட் கிளிக் செய்து, பிட்வார்டன் மெனுவில் ‘காப்பி கஸ்டம் ஃபீல்டு நேம்’ என்பதை அழுத்துங்கள். பிறகு பிட்வார்டனில் உள்ள உங்கள் வங்கிப் பதிவைத் திருத்தத் திறந்து, ‘டெக்ஸ்ட்’ வகையில் ஒரு ஃபீல்டு சேர்த்து, காப்பி செய்த பெயரை லேபிளில் அப்படியே ஒட்டுங்கள். மதிப்பில் உங்கள் கார்ப்பரேட் ஐடி. சேமித்துவிட்டுப் பக்கத்தை ரீலோடு செய்து பாருங்கள், நிரம்பிவிடும்.

ஹிட்டன், செக்பாக்ஸ், லிங்க்ட் என்ற மற்ற ஃபீல்டு வகைகள் உங்களுக்கு இப்போது தேவையில்லை. பணப் பரிமாற்றத்துக்கான டிரான்ஸாக்ஷன் பாஸ்வேர்டை மட்டும் ஹிட்டன் ஃபீல்டாகக்கூட அதே பதிவில் போடாதீர்கள். ஹிட்டன் என்றால் திரையில் புள்ளியாகத் தெரியும், அவ்வளவுதான். பூட்டுக்குள் பூட்டு என்று அர்த்தமில்லை.

நேற்றுவரை நிரம்பிய பெட்டிகள் மூன்றும் ஒருநாள் காலியாக நின்றால் கதை வேறு. ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் ‘.பேங்க்.இன்’ என்று முடியும் இணைய முகவரிக்கு மாற வேண்டும் என்று சொன்னது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் உங்கள் பதிவில் இருப்பது பழைய முகவரி என்றால், புதிய பக்கத்தை பிட்வார்டனுக்கு அடையாளம் தெரியாது, நிரப்பாமல் நின்றுவிடும். அவசரத்தில் நாமே காப்பி செய்து ஒட்டுகிறோம். போலிப் பக்கம் போடுகிறவன் காத்திருப்பது அந்த அவசரத்துக்காகத்தான், ஏனென்றால் போலிப் பக்கத்திலும் பெட்டிகள் இப்படியேதான் காலியாக நிற்கும். எனவே நிரம்பவில்லையென்றால் கையை எடுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வந்த லிங்க்கை நம்பாமல், கிளையில் கேட்டோ வங்கியின் செயலியில் பார்த்தோ முகவரியை உறுதிசெய்து, நீங்களே டைப் செய்து திறந்து, அதே பதிவில் இரண்டாவது முகவரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சில வங்கிப் பக்கங்கள் பாஸ்வேர்டை ஒட்டவே விடுவதில்லை, பாதுகாப்பாம்! ஒட்ட அனுமதியுங்கள் என்று அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-லேயே வழிகாட்டியில் எழுதிவிட்டது. நம் வங்கிகள் சிலவற்றின் காதில் அது இன்னும் ஏறவில்லை. விளைவு, ஊழியர்கள் பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டுகிறார்கள்.

சர்வீஸ்காரர் விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. கணக்கைத் தொடங்கித் தந்ததே அவர் என்கிறீர்கள். பிட்வார்டன் செட்டிங்ஸில் யாருடைய இமெயில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். வாடிக்கையாளர் பத்துப் பேரின் கணக்கைத் தன் இமெயிலிலேயே தொடங்கி, ‘மறந்துட்டா நான் பார்த்துக்கறேன் சார்’ என்று சொல்லும் ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இமெயில் அவருடையது என்றால் உங்களுடையதற்கு மாற்றுங்கள். உங்களுடையதாகவே இருந்தாலும் மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பை உங்கள் ஃபோனில் வையுங்கள். உள்ளே இருப்பதை முழுதாக ஒரு ஃபைலாக இறக்கிக்கொள்ளும் வசதி பிட்வார்டனில் உண்டு. அவர் இறக்கியிருந்தால் மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றுவது மட்டும் போதாது. வங்கி, ஜிஎஸ்டி, இமெயில் மூன்றின் பாஸ்வேர்டுகளையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், முதலில் இமெயில்.