இறவாரப் பலகையில் உரியும் பெயின்ட்: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: ஓட்டு வீட்டின் கூரை விளிம்பில் இருக்கும் இறவாரப் பலகைகளைப் புதிதாக மாற்றி, மாசியில் பெயின்ட் அடித்தோம். ஆனி மழையிலேயே தோல் தோலாக உரிந்துவிட்டது. பெயின்ட்டுக்கு முன் பூசும் பிரைமருக்கும் சேர்த்துப் பணம் வாங்கியவர், மரம் சரியில்லை என்கிறார்.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: உரிந்த சில்லு ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். அதன் முதுகிலும் பிரைமர் இல்லை, உரிந்த இடத்திலும் வெற்று மரம்தான் என்றால், உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். சில்லோடு பிரைமரும் சேர்ந்து வந்திருந்தால், ஈர மரத்தில் அடித்திருக்கலாம், அல்லது பின்பக்கமிருந்து தண்ணீர் ஏறியிருக்கலாம்.

என் நெடுநாள் ஆதங்கமே அந்தப் பின்பக்கம்தான். தெருவிலிருந்து தெரியும் முகத்துக்கு மட்டும் பிரைமர் அடித்துவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஓட்டிலிருந்து வடியும் நீர் பலகையின் முதுகில் இறங்குகிறது. அறுத்த முனைகளோ திரியைப் போல் அதை உறிஞ்சுகின்றன. உள்ளே புகுந்த ஈரம் வெளியேறும்போது பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு வருகிறது. பலகையை ஆணி அடித்து ஏற்றும் முன்பே, தரையில் வைத்து நான்கு பக்கமும் பிரைமர் பூச வேண்டும். அறுத்த முனைகளுக்கு இரண்டு முறை. நன்றாகக் காய்ந்தபின் உப்புத்தாள் தேய்த்து, தூசி துடைத்து, வெளிப்புற எனாமல் இரண்டு பூச்சு. மேலே ஏற்றியபின் முதுகுக்குத் தூரிகை எட்டாது என்பது அடிப்பவருக்குத் தெரியும், காசு கொடுப்பவருக்குத் தெரிவதில்லை. அதுதான் எனக்குக் கோபம்.

சில்லுகளைப் பத்திரப்படுத்துங்கள், படம் எடுங்கள், பணம் கொடுத்த சான்றைத் தேடி வையுங்கள். திரும்ப அடித்துத் தர மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

கேள்வி: சுவருக்கு வாங்கிய சிமென்ட் பிரைமர் மீதி இருக்கிறது. மரத்துக்கு அடிக்கலாமா?
– காரைக்குடி

பதில்: கூடாது.

கேள்வி: தாத்தா காலத்துப் பச்சைப் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிக்க ஆசை. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.
– தென்காசி

பதில்: உலர்வாகத் தேய்க்காதீர்கள், தீயால் கருக்கவும் விடாதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். கீழே தார்ப்பாய் விரித்து, சுரண்டியதை அள்ளிக் கட்டிவிடுங்கள். வேலை முடியும்வரை குழந்தை வேறு வீட்டில் இருக்கட்டும்.

கேள்வி: பில் இல்லாமல் விலை குறைத்துத் தந்தார்கள். டப்பாவைத் திறந்தால் பெயின்ட் கட்டி தட்டியிருக்கிறது.
– மதுரை

பதில்: தயாரித்த மாதமும் ஆண்டும் டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். அதைப் படிக்கவில்லை, பில்லும் கேட்கவில்லை; இப்போது எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று எதை வைத்து நிரூபிப்பீர்கள்? வெளிக்கதவுக்கு என்று கேட்டுக் கேட்டு நான் வாங்கிய வார்னிஷ், வீட்டுக்குள் மட்டும் அடிக்க வேண்டியது. ஒரே கோடையில் வெடித்துவிட்டது. பில் கையில் இருந்ததால்தான் கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தந்தார்.